பச்சரிசித் தட்டு

"பெருநாள் பிரியாணி. சாப்பிடுவீங்களா சார்?" அடுத்த வீட்டு பாய் தயங்கியதும் எனக்குக் கீழக்கரை நினைவு வந்தது.

சின்ன வயதில் அங்கே பக்கத்து வீட்டுக் காதர் மாமா எங்களிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நாங்கள் சைவம் என்பதால் பெருநாள்தோறும் பச்சரிசியும் தேங்காயும் தட்டில் கொண்டுவருவார். எங்கள் அய்யா ஆசாரத்தின் சிகரமாக நின்று வாங்கிக்கொள்வார். ஒரு வருஷம் ரமலான் முழுக்க, வயிற்றுப்புண்ணுக்கு மருந்தென்று மாமியிடம் கொல்லை வழியாக நோன்புக்கஞ்சி வாங்கி, கறித்துண்டோடு குடித்தவரும் அவர்தான்.

அந்தப் பெருநாளில் மாமா தட்டோடு வந்தபோது கூட வந்த அவர் மகள் கத்தினாள்: "வாப்பா, உம்மா கஞ்சி குடுக்குற தூக்கு இங்கன கெடக்கு!"

அய்யா முகட்டைப் பார்த்தார்; நான் தரையைப் பார்த்தேன்.

"எல்லாத் தூக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். வா புள்ள," என்றார் மாமா. அடுத்த பெருநாளுக்கும் பச்சரிசியே வந்தது.

"சாப்பிடுவேன் பாய்!" என்று வீரமாகச் சொன்னேன். சொல்வதற்கு முன், எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.