செயற்கை என்றார் மூச்சு சார்

“என் முன்னாடி ஒருத்தர் பொய்யா நடிச்சா, அவங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு மூக்குல வேர்த்துடும். மூஞ்சி பார்க்கறதே என் தொழில். என்னை ஏமாத்தற ஆள் இனிமேதான் பொறந்து வரணும்!”

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் ஆண்டு விழாவில், மைக் கரகரக்க, இப்படி முழங்கியவர் அங்கே நாடகக் கல்விப் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு ஆளே கிடையாது என்பதால் தலைமைப் பதவி சண்டை சச்சரவில்லாமல் அவருக்கே கிடைத்திருந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் நாடகம் சொல்லிக்கொடுக்கப் போகும் புது ஆசிரியர்கள் எல்லாரும் அவர் கையால் தேறித்தான் போக வேண்டும். எதைக் கேட்டாலும் “முதல்ல மூச்ச விடுங்க” என்றே ஆரம்பிப்பார். ஆகவே மூச்சு சார்.

அன்றைய முழக்கத்தை வீட்டிலும் ஒருமுறை நடித்துக் காட்டினார். அவர் மனைவி துவைத்த துணியை மடித்தபடியே கேட்டார்.

“பால்ல தண்ணி ஊத்தறவன் மூஞ்சிய தெனம் காலையில பார்க்கறீங்களே, அப்பல்லாம் வேர்க்கலையா?”

மூச்சு சார் பெருந்தன்மையாகச் சிரித்தார். மேதைகளின் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

அவருடைய கலை வாழ்க்கை ஆழமானது. நீளம்தான் கொஞ்சம் குறைவு. இளமையில் ஒரே ஒரு முறை வாயிற்காவலனாக மேடை ஏறினார். ‘மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்’ என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. தூதுவன் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே உள்ளே வந்து, தான் வந்திருப்பதைத் தானே அறிவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த மௌனத்தை மூச்சு சார் இன்றுவரை ‘உள்முக நடிப்பு’ என்று பாடமாக நடத்துகிறார். பிறகு பூகோள ஆசிரியரானார். கல்லூரியில் நாடகத்துக்கான இடம் காலியானபோது, நேர்காணலுக்கு வந்தவர்களில் தாடி வைத்திருந்தவர் இவர் ஒருவரே. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு நாள்கூட நாடகம் சொல்லிக்கொடுத்தது கிடையாது. அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவருடைய கொள்கைகள் இவ்வளவு கலப்படமில்லாமல் இருந்திருக்குமா?

பயிற்சி அறையில் நாற்காலிகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருக்கும். செருப்பு வெளியே. ஆசிரியர்கள் தரைவிரிப்பில் குப்புறப் படுக்க வேண்டும்.

“நீங்க இப்ப விதை. மண்ணுக்குள்ள இருக்கீங்க. அவசரப்படாம, ஒவ்வொருத்தரா முளைங்க.”

ஒருமுறை, நாற்பதைத் தாண்டிய அறிவியல் ஆசிரியர் ஒருவர் பாதி முளைத்த நிலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினார். மூச்சு சார் அவரைச் சுற்றி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, “வலி செயற்கையா இருக்கு” என்று தீர்ப்பளித்தார். அறிவியலை மூன்று பேர் தூக்கிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் ஓடினார்கள்.

இந்த மகானிடம்தான் கணக்கு டீச்சர் வந்து மாட்டினார். படித்தது கணக்கு. பள்ளியில் கணக்குக்கு ஆள் மிஞ்சியதால், தலைமையாசிரியை நாடக வகுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார். பயிற்சியில் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் வீடு. தேறுவதென்றால், மூச்சு சார் பள்ளிக்கே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். வாய்ப்பு இரண்டு. கணவருக்கு வேலை போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு சம்பளத்தில்தான்.

முதல் வாய்ப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “பஸ்ஸ விட்டுட்டீங்க. யாரால லேட்டாச்சுன்னு ஆளாளுக்குப் பழி போடுங்க” என்றார். பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டார்கள். பெஞ்சு கவிழ்ந்தது. மூச்சு சார் தந்தது ஒரே சொல்: செயற்கை.

“சார், அதுங்க நெஜமாவே அடிச்சிக்கிச்சுங்க சார். ஒரு பையன் சட்டையே கிழிஞ்சு போச்சு.”

“கிழிஞ்ச விதம் நம்பும்படியா இல்லம்மா” என்றார் மூச்சு சார். “அடுத்த தடவை திடீர் நடிப்பு வைங்க. சூழ்நிலையச் சீட்டுக் குலுக்கி எடுக்கணும். என்ன வரும்னு யாருக்கும் தெரியக்கூடாது. ஒத்திகை வாடை அடிச்சுதுன்னா அன்னிக்கே உங்க கதை முடிஞ்சுது.”

மறுநாள் டீச்சரின் முகத்தைப் பார்த்தே பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் பார்க்கும் தொழிலில் இல்லாதவர்களுக்கு இந்த வசதி உண்டு.

“எங்க சண்டையாலதான டீச்சர் போச்சு?” என்றாள் வகுப்பு லீடர்.

“உங்க சண்டை நல்லாத்தான் இருந்துச்சு. அவருக்குத்தான் பிடிக்கல.”

“நெஜம் பிடிக்கலன்னா பொய்யாவே பண்ணிடலாம் டீச்சர்.”

“சார் கடைசி பெஞ்சுலதான உக்காருவாரு?” என்றான் சட்டை கிழிந்தவன். “அப்ப அந்தப் பக்கம் திரும்பித்தான் அழணும். போர்டப் பார்த்து அழுதா வேஸ்ட்டு.”

“உனக்கு எங்கடா அழுகை வரும்?” என்றாள் லீடர்.

“எனக்கு வராது. என் மூஞ்சியப் பார்த்தா மத்தவங்களுக்கு வரும்னு நீதான சொன்ன?”

கணக்கு டீச்சர் நேர்மையானவர். ஆகையால், ஒத்துக்கொள்வதற்கு முன் ஜன்னல் வழியாக நெடுநேரம் வெளியே பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். வேலைக்காக வெளியூர் போகும் அப்பா, வழியனுப்ப வந்த மகள் என்று ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வழியில் சொல்லிக்கொடுத்தார்.

“பெட்டியத் தூக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்பத் திரும்பு. லீடர், நீ உடனே பேசாத, மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு. அப்புறம் குரல் உடையட்டும்.”

சீட்டுகளையும் அவரே எழுதினார். சாக்பீஸ் டப்பா நிறைய. எல்லாவற்றிலும் ‘ரயில் நிலையத்தில் பிரிவு’. நிகழ்தகவுப் பாடத்தை இவ்வளவு கறாராக நடைமுறைப்படுத்திய கணக்கு ஆசிரியர் வேறு எவரும் இருந்ததாகத் தகவல் இல்லை.

மூச்சு சார் வந்தார். வகுப்பை மூச்சு விடச் சொன்னார், விட்டார்கள். டப்பாவை வாங்கினார்.

“ஏமாத்து வேலைக்கு இடமே இருக்கக்கூடாது பாருங்க” என்றபடி நன்றாகக் குலுக்கி, கண்ணை இறுக மூடி, அடியிலிருந்து ஒரு சீட்டை உருவினார். “ரயில் நிலையத்தில் பிரிவு!”

“ஐயையோ, ரயிலா!” என்று வகுப்பு ஒரே குரலில் திகைத்தது. திகைப்பில் சுருதிகூடப் பிசகவில்லை.

சட்டை கிழிந்தவன் அப்பாவாகப் பெட்டியைத் தூக்கினான். மூன்று எண்ணித் திரும்பினான். மகளாக நின்ற லீடர் ஐந்து எண்ணினாள். அவள் குரல் உடைந்தபோது, கடைசி பெஞ்சில் மூச்சு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அடடா! இதுக்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்” என்று எழுந்து முன்னால் வந்தார். “நிறுத்தாதீங்க. சூட்டோட சூடா இன்னொரு சூழ்நிலை எடுத்துடலாம்.”

சொல்லிக்கொண்டே டப்பாவுக்குள் கையை விட்டார்.

கணக்கு டீச்சரின் முகம் வெளுத்துப்போயிற்று. வேலை, வாடகை, வீட்டு அடுப்பு எல்லாம் அந்தத் தகர டப்பாவுக்குள், மூச்சு சாரின் விரல் நுனியில் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் இரண்டாவது சீட்டைப் பிடித்தே விட்டார்.

திடீரென்று லீடர் தரையில் உட்கார்ந்தாள்.

“சார், எங்கப்பாவும் இப்படித்தான் சார் ரயில் ஏறிப் போனாரு. போனவரு வரவே இல்ல சார்.”

இது ஒத்திகையில் கிடையாது. வாழ்க்கையிலும் கிடையாது. அவளுடைய அப்பா அந்த நேரத்தில் பள்ளிக்கு எதிரே தன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மூச்சு சார் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியே பார்த்தால் முதுகு தெரியும்.

மூச்சு சார் சீட்டைத் தவறவிட்டு, கையை வெளியே எடுத்தார். தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார்.

“அப்பா எப்பம்மா போனாரு?”

“எனக்கு அஞ்சு வயசு சார் அப்ப.”

சட்டை கிழிந்தவன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. மூச்சு சார் அவன் முதுகில் மெல்லத் தட்டினார்.

“அடக்காதப்பா. அழுதுடு.”

குலுங்கல் அதிகமாயிற்று.

“பார்த்தீங்களாம்மா?” என்று கணக்கு டீச்சரிடம் திரும்பினார். “இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.”

“முடியாது சார்” என்றார் டீச்சர்.

மூச்சு சார் மதிப்பெண் தாளை மேசைமேல் விரித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். கண்ணைத் துடைத்தார், மறுபடி நிறைந்துவிட்டது.

“எனக்கு எழுத்தே தெரியலம்மா. நீங்களே ஒரு மார்க்கப் போட்டுக்குங்க.”

கணக்கு டீச்சர் யோசித்தார். தொண்ணூறைத் தாண்டினால் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். தேறுவதற்குப் போதுமானதும், சந்தேகத்துக்குப் போதாததுமாகக் கணக்கிட்டு, அறுபத்தெட்டு என்று எழுதி நீட்டினார்.

மூச்சு சார் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.