சாமி மாடத்தில் ஒரு மெழுகுத் துண்டு

என்னிடமிருந்து வெளியே போய் நல்ல பேர் எடுத்தது ஒன்றே ஒன்றுதான்: என் இடது கிட்னி. அதை என் மனைவிக்குக் கொடுத்தேன். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிற என்னை அந்த ஒரு காரியத்துக்காக ஊரே வள்ளல் என்றது. நானும் வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் எதையாவது தின்ன ஆசைப்பட்டால், "அது நீ கேக்கல புள்ள, என் கிட்னி கேக்குது" என்பேன்.

"உங்க கிட்னிக்கு நொம்ப வாய் நீளமுங்க மாமா" என்பாள்.

அடுத்தவர் உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்கி வந்தாள். சில வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு ஸ்கேனில் ஈரலில் கட்டிகள் தெரிந்தன. ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்து, மென்தசைக் கட்டி என்றார்கள் சேலத்தில். குடலிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கிற, யாரும் ஏவாமலே வேலை செய்யும் தசையாம் அது. ஏவினாலும் வேலை செய்யாதவனைக் கட்டிக்கொண்டவளுக்கு, போயும் போயும் அந்தத் தசையிலா வர வேண்டும்?

மாற்றுக் கிட்னி வைத்தவர்களுக்கு அபூர்வமாக ஒரு வைரஸால் இது வருமாம். அந்தச் சோதனைக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். துணுக்கை உள்ளே வைத்து உறைய விட்ட மெழுகுத் துண்டை ஒரு கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அதுதான் வழக்கம்: ஒரு லேபிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியின் சதையைச் சுமப்பது சொந்தக்காரன் வேலை. மறுநாள் காலையில் கிளம்பலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இத்துனூண்டுக்கா இத்தனை பாடு?"

நான் கை கால் கழுவிவிட்டு வந்தால், மெழுகுத் துண்டு சாமி மாடத்தில் இருக்கிறது. பக்கத்தில் விளக்கு நிதானமாக எரிகிறது. மெழுகின் ஒரு மூலை பளபளவென்று இளகிக்கொண்டிருந்தது. பாய்ந்து எடுத்ததில் விரலைச் சுட்டுக்கொண்டு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"சாமிகிட்ட வெச்சா நல்ல ரிசல்ட் வரும்னுதானுங்க வெச்சேன்!"

"சாமியே உருக்கிப்போட்டா ரிசல்ட் எங்கிருந்து புள்ள வரும்?"

இருவரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க அவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் நான் சிரிக்கவில்லை.

கோயம்புத்தூர் லேபில் டாக்டரம்மா துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு மூலை உருகியிருக்குதே?"

"தீபாராதனை ஆச்சுங்க மேடம்."

நல்லவேளை, துணுக்குக்குச் சேதமில்லை. ரிசல்ட் வாங்க நாங்கள் இருவரும் போனபோது அவர் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நீள நீளமான செல்கள், ஏரியில் பொரி போட்டால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரளுமே, அந்த மாதிரி. ஒவ்வொன்றின் நடுவிலும் வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் ஒரு புள்ளி. அதுதான் வைரஸின் அடையாளம். அநேகமாக எல்லார் உடம்பிலும் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கிற வைரஸ்தானாம். காவல் அசந்த உடம்பில் எழுந்துகொள்கிறது.

"மாத்திரையைக் குறைக்கணுங்க" என்றார் டாக்டரம்மா. "குறைச்சா உடம்பு வைரஸோட சண்டை போடும். அதே உடம்பு கிட்னியையும் தாக்கலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தச் செல் அவங்களுதா, நீங்க கொடுத்த கிட்னியில இருந்து வந்ததான்னு இன்னொரு சோதனையில தெரிஞ்சுக்கலாம். ஆண் செல்லான்னு பார்ப்போம். வைத்தியம் ஒண்ணும் மாறாது. பார்க்கட்டுங்களா?"

நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "வேண்டாங்க மேடம். யாருதா இருந்தாலும் அது எங்கூட்டுதுதானுங்க."

மலையேறும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவில் அவள், "மாத்திரையக் குறைச்சா உங்க கிட்னி போயிருமேங்க" என்றாள்.

"போனாப் போகுது புள்ள. சும்மா கிடந்ததத்தான கொடுத்தேன்."

மாத்திரையைக் குறைத்தோம். கிட்னி போயிற்று. கட்டிகள் போகவில்லை. டயாலிசிஸுக்காக வாரத்துக்கு இரண்டு தடவை சேலத்துக்கு இறங்கினோம். என் ஜீப்பில் வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டு வரும் ஆட்கள், அவள் இருந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க கொடுத்தத நான் பத்திரமா வெச்சுக்கலீங்க மாமா. கோவிச்சுக்காதீங்க."

"நீ தொலைச்சுப்போடுவேன்னு தெரிஞ்சுதான் புள்ள ஒண்ண நானே வெச்சுக்கிட்டேன்."

கண்ணால் மட்டும் சிரித்தாள். நான் சொன்னதற்கு அவள் சிரித்தது அதோடு சரி.

காரியமெல்லாம் முடிந்தபிறகு லேபிலிருந்து போன். மீதி மெழுகுத் துண்டு இருக்கிறது, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். போய் வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்தால் உடம்புச் சூட்டில் உருகிவிடுமோ என்று பயந்து, வழியெல்லாம் ஒரு வாழையிலை நறுக்கில் வைத்து ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்காரர் பிரசாதமா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

இப்போது அது சாமி மாடத்தில் இருக்கிறது. அதற்குள் இருப்பது அவளா, நானா, இரண்டு பேருமா, தெரியாது. கேட்கவும் மாட்டேன். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். விளக்கை மட்டும் வாசற்படிப் பக்கம் மாற்றிவிட்டேன். வருகிறவர்கள், சாமியை ஏன் இருட்டில் உட்கார வைத்திருக்கிறாய் என்கிறார்கள்.