இரவல் பீரியட்

கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டபடி மைதானத்துக்கு வந்து, பற்றாக்குறை டீச்சர் முதலில் வெயிலைப் பற்றி விசாரிப்பார். பிறகு விளையாட்டு மாஸ்டரின் முழங்கால் வலியைப் பற்றி. அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். "பாடம் முடியலை மாஸ்டர். இன்னிக்கு உங்க பீரியடைக் குடுங்க, அடுத்த வாரம் திருப்பிடறேன்." அந்த அடுத்த வாரம் இன்றுவரை வந்தபாடில்லை.

பதினொன்றாம் வகுப்புக்குப் பொருளாதாரம் எடுக்கிறவர். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் போதாது என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் பற்றாக்குறை. அது அவருக்கும் தெரியும். பட்ஜெட் பாடத்தில் அந்தச் சொல் வரும்போது வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும். அவரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வார்.

பீரியடைக் கொடுத்துவிட்டு வெறும் மைதானத்தில் மாஸ்டர் என்னதான் செய்வார், பாவம்? ஆரம்பத்தில் பந்துகளுக்குக் காற்றடித்துப் பார்த்தார். அலுத்துப்போய், ஒருநாள் பிள்ளைகளின் பின்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் பாட்டுக்குப் பாடத்தைத் தொடர்ந்தார். அடுத்த முறை போனபோது அந்த பெஞ்சில் அவருக்கென்று இடம் விட்டு வைத்திருந்தார்கள். அப்போது இரண்டு பேருக்குமே தலை கருகருவென்று இருந்தது. அதை நினைத்தால் மாஸ்டருக்கு இப்போதும் மனசு என்னவோ பண்ணும்.

டீச்சர் பாடம் எடுப்பதே தனி அழகு. புத்தகத்தை மேஜைமேல் கவிழ்த்துவிடுவார். ஜன்னலோர பெஞ்சு சுகாதாரம், நடு பெஞ்சு கல்வி, வாசலோரம் ராணுவம் என்று இலாகா பிரித்துக் கொடுத்துவிட்டு, மழையில் பாலம் இடிந்துபோச்சு, கஜானாவில் காசில்லை, என்ன பண்ணப் போகிறீர்கள் என்று இடுப்பில் கைவைத்து நிற்பார். கல்விக்காரர்கள் ராணுவத்தில் வெட்டச் சொல்வார்கள். ராணுவம் வரியை ஏற்றச் சொல்லும். அரைமணி நேரம் அடித்துக்கொண்டு, கடைசியில் கடன் வாங்கலாம் என்று எல்லாரும் ஒற்றுமையாகிவிடுவார்கள். யார் கட்டுவது என்றால், அடுத்து வருகிற அரசாங்கம் என்று கோரஸாகப் பதில் வரும். அப்போது டீச்சர் குரலைத் தாழ்த்துவார்.

"பாலம் கட்ட வாங்கினா பேரப்பிள்ளைங்க அதுமேல நடக்கும். வாணவேடிக்கை விட வாங்கினா அதுங்களுக்குப் பாக்கிதான் மிஞ்சும். கடன் வாங்கறது தப்பில்லை. எதுக்கு வாங்கறோம், யார் தலையில கட்டறோம், அதைக் கேளுங்க."

மாஸ்டருக்கு இது மனப்பாடம். புதுக் கட்டில் வாங்கலாம் என்று சொன்ன மனைவியிடம் "பாலமா, வாணவேடிக்கையா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த வெள்ளிக்கிழமையோடு மாஸ்டருக்கு ஓய்வு. அன்றைய கடைசி பீரியட் இதே பதினொன்றாம் வகுப்புதான். அந்தப் பிள்ளைகளை ஒருதரம் மைதானத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. பரீட்சை நெருங்குகிறது, பாடம் மலைபோல் கிடக்கிறது; டீச்சர் கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

திங்கட்கிழமை தேசியக் கடன் பாடம், இரவல் வாங்கிய பீரியடில். மாஸ்டரிடம் வாங்கினதையெல்லாம் எப்போது அடைப்பீர்கள் என்று ஒருவன் கேட்டான். வருஷா வருஷம் யாராவது கேட்பதுதான். மாஸ்டர் தாராள மனசுக்காரர், வட்டிகூடக் கேட்கமாட்டார் என்று டீச்சரும் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னார். கடைசி பெஞ்சில் மாஸ்டரும் சிரித்தார். கல்வி இலாகாவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மாஸ்டர் என்ன குடுத்தார் டீச்சர்? அவருக்குச் சம்பளம் வந்துடுது. விளையாடாம இருந்தது நாங்கதானே? முன்னாடி படிச்ச அக்காங்கல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டே போயிட்டாங்க. அவங்களுக்கு எப்படித் திருப்புவீங்க?"

துடுக்காகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். இத்தனை வருஷமாகக் கொடுத்த மவராசன் நான்தான் என்று நினைத்திருந்த மாஸ்டருக்கும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மணி அடித்ததும் டீச்சர் புத்தகத்தை எடுக்க மறந்து வெளியே போனார். அந்த வாரம் முழுக்க மைதானத்துப் பக்கமே தலைகாட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், கடைசிக்கு முந்தின பீரியட் தொடங்கும் நேரத்தில் டீச்சர் மைதானத்தில் வந்து நின்றார். அது டீச்சருடைய பாடவேளை. சரி, கடைசி நாளும் இப்படியே போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மாஸ்டரே முந்திக்கொண்டு, "கடைசி பீரியடை எடுத்துக்குங்க டீச்சர்" என்றார்.

"எடுத்துக்க வரலை மாஸ்டர். என்னோட பீரியடையும் சேர்த்துக் கொண்டாந்திருக்கேன். போன பிள்ளைங்களுக்குத் திருப்ப வழியில்லை. இருக்கிறதுங்களுக்காவது குடுத்துடறேன்."

அவருக்குப் பின்னால் வகுப்பே நின்றது. மாஸ்டர் விசிலை ஊதினார். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது ஊதலுக்குப் பிள்ளைகள் ஓடிப்போய் வரிசை கட்டினார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு, இடைவெளி அளப்பதற்குக் கையை நீட்டி, முன்னால் நின்ற அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார்.