இடப்பக்கத் துடுப்பு

பாரிசவாதம் வந்து அப்பாவின் இடக்கை விழுந்த அடுத்த கிழமையே நான் அவரோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டேன். பிசைந்து பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து தந்திருந்தார்கள். அப்பா அதை முற்றத்து நாய்க்கு எறிந்துவிட்டார். "வாறதெண்டா தானா வரட்டும்" என்றார். தானாக வருவதற்கு அது என்ன கடல் கடந்து வரும் மூதூர் லோஞ்சா? யுத்தத்தில் அதுவும்தான் ஒழுங்காக வருவதில்லை.

இப்போதே அசைக்காவிட்டால் பிறகு அந்தக் கை வராது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பயம்தான். அப்பாவோ யாரோ மறந்து விட்டுப்போன பொதியைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டிருப்பார்.

அன்புவழிபுரத்து வீட்டின் முன்னறையில் ஒரு கணினி வைத்து, ஊராருக்கு மனுக்கள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்த தம்பி அப்பாவுக்காக ஒரு விளையாட்டு அனுப்பினான். பழைய காலத்தில் காசு போட்டு ஆடும் பின்போல் மெசினை அப்படியே திரைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். இரும்புக் குண்டு மேலிருந்து மணியடித்துக்கொண்டு உருண்டு வரும். அது கீழே விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். இடத்துடுப்புக்கு இடப்பக்க விசை, வலத்துடுப்புக்கு வலப்பக்க விசை.

"இது எங்கட மெசினடி!" என்றார் அப்பா. இளவயதில் துறைமுகத்தில் சாமான் இறக்கியபோது, கன்டீனில் அதுபோல ஒன்று இருந்ததாம். ஆனால் வலக்கையால் மட்டும் ஆடிப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் வெறுத்துப்போய்க் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம்தான் மூதூரில் செல்லடி தொடங்கி, வீடுகள் இடிந்து சனம் ஓடி வந்தது. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த முஸ்லிம் மாமா, மனைவியோடும் ஒரு பையோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். திரையைக் கண்டதும் தன் வீடு போன கவலைக்குள்ளும் சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு காசைப் போட்டு இருவரும் சேர்ந்து ஆடுவார்களாம். அப்பா இடப்பக்கம், அவர் வலப்பக்கம். ஒருவர் பக்கத்தை மற்றவர் தொடுவதில்லை.

மாமா வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். குண்டு இடப்பக்கம் வந்தது. அப்பா வலக்கையை நீட்டினார். மாமா அதைத் தட்டிவிட்டார்.

"ஒண்ட பக்கத்துக்கு ஒண்ட கை இருக்குது, மச்சான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, அவருக்கு அந்தக் கை ஏலாது!"

"ஏலாதெண்டு குண்டுக்குத் தெரியுமா, மகள்?"

குண்டு விழுந்தது. அன்று முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. ஒரு விரலை நீட்டினால் மாமாவே தடுத்திருக்கலாம், நீட்டவில்லை. பிறகு ஒரு நாள் அப்பா வலக்கையால் இடக்கையைத் தூக்கி விசையின் மேல் வைத்தார். அது அங்கே சும்மா கிடந்தது. மாமா அடுத்த குண்டை விட்டார்.

ஒருமுறை, பழைய மெசினை இடிப்பதுபோல மாமா மேசையை இடுப்பால் ஓர் இடி இடித்தார். கணினியின் மின்செருகி கழன்று, நான் காலையிலிருந்து அடித்த மனுவும் போய்விட்டது. நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு ஓடி வந்தாள். கிழவர்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்பா சிரித்து எத்தனை நாள்! என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பிறகொரு பின்னேரம் நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். "அடிச்சிட்டான்!" என்று மாமா கூவினார். ஓடி வந்து பார்த்தேன். அப்பாவின் இடக்கை நடுவிரல் விசையில் நடுங்கிக்கொண்டிருந்தது. குண்டு மேலே எங்கேயோ மணியடித்துக்கொண்டு ஓடியது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பலாம் என்றானதும் மாமாவையும் மாமியையும் வழியனுப்பத் துறைக்குப் போனோம். "உங்கட வீட்டுச் சோத்த மறக்க மாட்டோம், மகள்" என்றார் மாமா. அவரிடம் பட்ட கடனுக்கு அந்தச் சோறு எந்த மூலைக்கு?

அப்பாவின் வலக்கையில் ஊன்றுகோல். இடக்கையால் ஒன்றைக் கொடுத்தாலே எங்களை அதட்டி வளர்த்த மனிதர், அந்த இடக்கையை மாமாவிடம் நீட்டினார். மாமா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். லோஞ்ச்காரன் கூப்பிட்டான். மாமா கையை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்பாவின் விரல்கள் விடவில்லை.