ஏசி கார் மாப்பிள்ளை

குன்னூரில் எங்கள் வீட்டு வாசலும் சில்வஸ்டர் அண்ணன் வீட்டுக் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். சரிவில் கட்டிய வீடுகள் அப்படித்தான். அவர் காலையில் கார் துடைப்பதை மேலே நின்று வேடிக்கை பார்ப்பது எங்கள் தெருக்காரர்களின் பழக்கம்.

முதலில் எஸ்டேட் லாரி, பிறகு ஸ்கூல் வேன் ஓட்டியவர், கடைசியில் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவரிடம் ஒரு பழைய காரை வாங்கி டாக்ஸியாக ஓட்டினார். செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம் அது. எண்ணூறு சிசி இன்ஜின் வைத்த வெள்ளைக் கார். நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் மூச்சு விடவும் இடமில்லாத அளவு. ஆனால் அதில் ஏசி இருந்தது.

எங்கள் ஊரில் வீட்டில் ஃபேன் வைத்திருப்பவர்களே குறைவு. இருந்தும் யார் காரில் ஏறினாலும், "ஏசி இருக்குதுங்க, போடட்டுங்களா?" என்று அண்ணன் கேட்பார். ஏறியவர்கள் ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஐயோ, வேண்டாமுங்க" என்பார்கள். அவருக்கு அதிலும் பெருமைதான். வேண்டாம் என்று சொல்லவாவது ஒரு பொருள் இருக்கிறதே!

முப்பத்து நாலு வயதாகியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் எல்லோரும், "டிரைவருங்களா?" என்று இழுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அந்த வருஷம்தான் எங்கள் மாதா கோயில் உபதேசியார் பாலன் மேட்டுப்பாளையத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். பெயர் ஜூடித். தையல் கம்பெனியில் வேலை. அவள் அப்பா ஹெர்பர்ட் உருளைக்கிழங்கு மண்டியில் மேனேஜர். பெரிய உடம்பு, வெயில் தாங்காது. சட்டைக் காலருக்குள் எப்போதும் ஒரு துண்டு சொருகியிருக்கும். உபதேசியார் அவரிடம் டிரைவர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "மாப்பிள்ளைக்குச் சொந்தமா ஏசி காரு இருக்குதுங்க" என்றார்.

"அப்படிங்களா! என்ற பொண்ணாவது வேர்வையில இருந்து தப்பிக்கட்டும்" என்று ஹெர்பர்ட் உருகிவிட்டார். குன்னூருக்குப் போய் வாழப்போகிற பெண்ணுக்கு வேர்வை ஏது என்று யாரும் கேட்கவில்லை.

பெண் பார்த்தாயிற்று. அண்ணனுக்கு ஜூடித்தை மிகவும் பிடித்துவிட்டது. ஜூடித்துக்கும் பிடித்திருந்தது என்று அவர் நம்பினார். மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதுதான் மிச்சம். ஹெர்பர்ட்டுக்குத் திருப்தி என்றால் முடிவு செய்யலாம். இல்லையென்றால் திருப்பூரில் இன்னொரு மாப்பிள்ளை காத்திருந்தார்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அண்ணன் மேட்டுப்பாளையம் இறங்கினார். முன்சீட்டில் ஹெர்பர்ட் நிரம்பினார். பின்னால் அவர் மனைவி பியாட்ரிஸ், ஜூடித், இருவருக்கும் நடுவில் ஒரு வாழைத்தார். ஏசி ஓடியது. கல்லாறு வரை சமதரை. ஹெர்பர்ட் துண்டை உருவி மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"தம்பி, பரலோகம்னா இப்படித்தான் இருக்கும்."

"இன்னும் ஒரு புள்ளி கூட்டலாமுங்க" என்றார் அண்ணன்.

முதல் கொண்டை ஊசி வளைவில் கார் முக்கியது. இரண்டாம் கியரில் நடுங்கி, முதல் கியருக்கு மாற்றியும் ஊர்ந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

இதைப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். காரில் ஏசிக்கென்று தனி இன்ஜின் கிடையாது. சக்கரத்தைச் சுற்றுகிற இன்ஜினே ஒரு பெல்ட் வழியாக ஏசியின் கம்ப்ரஸரையும் சுற்றியாக வேண்டும். பெரிய இன்ஜினுக்கு அது சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது மாதிரி. எண்ணூறு சிசி இன்ஜினுக்கோ இடுப்பில் குழந்தையைத் தூக்கிக்கொள்வது மாதிரி. சமதரையில் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். ஏற்றத்தில் திரும்பும்போது குழந்தையை இறக்கினால்தான் கால் எழும். சில்வஸ்டர் அண்ணன் இந்த மலையில் ஆயிரம் தடவை ஏறியவர். ஆனால் ஏசி போட்டு ஒரு தடவைகூட ஏறியதில்லை. எல்லோரும்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே!

அவர் ஒரு யூகத்தில் சத்தமில்லாமல் சுவிட்சைத் தட்டினார். கார் துள்ளிக்கொண்டு ஏறியது.

"தம்பி, குளுகுளுன்னு வந்துட்டிருந்தது நின்னு போச்சுங்களே?"

"வளைவுல அது கொஞ்சம் மூச்சு வாங்குமுங்க."

நேர் பாதை வந்ததும் போட்டார். அடுத்த வளைவில் நிறுத்தினார். மறுபடி போட்டார், மறுபடி நிறுத்தினார். பர்லியாறு வருவதற்குள் ஹெர்பர்ட்டின் துண்டு மறுபடி காலருக்குள் போய்விட்டது.

"பியாட்ரிஸ், உபதேசியார் நம்மள ஏமாத்திப் போட்டாரு. இது அரை ஏசி."

"அரையாவது இருக்குதல்லங்க. நம்ம ஊட்ல என்ன இருக்குது?" என்றார் பியாட்ரிஸ், வாழைத்தாரைப் பிடித்தபடி.

அடுத்து ஏசி ஓடத் தொடங்கியதும் ஹெர்பர்ட் சுவிட்ச் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "இனி இதை நான் பாத்துக்கறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

பெண்ணின் அப்பா கையைத் தட்டிவிட முடியுமா? அண்ணன் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தார். வளைவின் நடுவில் கார் இருமி, உதறி, நின்றது. ஓரடி பின்னால் உருண்டது. பியாட்ரிஸ் "மாதாவே!" என்று கத்த, அண்ணன் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். பின்னால் வந்த காலி காய்கறி லாரியின் டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, முன்சீட்டு மூட்டையை என்ற லாரியில ஏத்திக்கட்டுமா?"

ஹெர்பர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "டிரைவர், வண்டியைத் திருப்புங்க. நாங்க மேட்டுப்பாளையம் போறோம்."

தம்பி என்ற சொல் போய்விட்டதை அண்ணன் கவனித்தார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"ஏசியும் ஓடி மலையும் ஏறோணும்னா இந்த வண்டியால முடியாதுங்க. எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. உபதேசியார் சொன்னது பாதி நெசந்தானுங்க. டிரைவர்ங்கறது முழு நெசம். திருப்பச் சொன்னா திருப்பறனுங்க."

பின்சீட்டிலிருந்து ஜூடித் முதன்முறையாகப் பேசினாள். "அப்பா, நம்ம ஊட்ல தண்ணி மோட்டார் போட்டா ஃபேன் என்னாகும்?"

"மெதுவாச் சுத்தும். அதுக்கென்ன இப்ப?"

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மோட்டாரை நிறுத்துன்னு சத்தம் போடுவேன்." சொன்ன பிறகு ஹெர்பர்ட் கொஞ்ச நேரம் சுவிட்சையே பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"நீங்க பின்னாடி வந்துருங்க. சுவிட்சை நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜூடித்.

"கல்யாணம் பேசி முடியறதுக்கு முந்தியே முன்சீட்டா, அம்மிணி?"

"பின்னாடி பெத்தவங்க ரெண்டு பேரும் இருக்கறோமல்லங்க. அந்த லாரிக்காரன் இன்னொன்னு சொல்றதுக்குள்ள மாறுங்க" என்றார் பியாட்ரிஸ்.

மாறினார்கள். வாழைத்தார் ஹெர்பர்ட் மடிக்கு வந்தது. வளைவு வந்ததும் அண்ணன் "இப்பங்க" என்பார், ஜூடித் நிறுத்துவாள். நேர் பாதையில் "இப்பங்க" என்பார், போடுவாள். கொஞ்ச தூரத்தில் அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இன்ஜின் குரல் கம்மியதுமே அவள் விரல் சுவிட்சுக்குப் போய்விடும். தையல் மெஷின் சத்தத்தில் வேலை செய்தவளுக்கு அது பெரிய விஷயமில்லை. அண்ணன் மட்டும் சும்மாவே "இப்பங்க, இப்பங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

காட்டேரி ஊரைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. "அம்மிணி, போதும், நிறுத்து. குளிருது" என்றார் ஹெர்பர்ட்.

நிறுத்தினாள். நான்கு பேர் மூச்சில் முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிட்டது. அண்ணன் துணியால் துடைத்தார். துடைத்த இடம் உடனே மறைந்தது.

"ஏசி போட்டாத்தான் கண்ணாடி தெளியுமுங்க" என்றார் தயங்கியபடி.

"கேட்டப்ப நிறுத்தினீங்க, வேண்டாங்கறப்ப போடறீங்க! என்ன வண்டி தம்பி இது!"

ஏசி ஓடியது, கண்ணாடி தெளிந்தது. ஹெர்பர்ட் பியாட்ரிஸின் சேலைத் தலைப்புக்குள் பாதி புகுந்துகொண்டு குன்னூர் வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தவர் வரவேற்பறையைப் பார்க்கவில்லை, மாடியைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அடுப்புப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணனின் அம்மா கொடுத்த சுக்குக் காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். வாசலில் உபதேசியார் பாலன், ஏசியைப் பற்றிய பேச்சு தன் பக்கம் வராத தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுப்படி நிலைப்படியில் அண்ணன் நின்றார். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

இரண்டாவது டம்ளர் காலியான பிறகு ஹெர்பர்ட் வாய் திறந்தார்.

"உபதேசியாரே, ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கல்யாணத்தை மேட்டுப்பாளையம் கோயில்ல வெச்சுக்கலாம். இந்தக் குளிர்ல என்னால கோட்டுப் போட்டுட்டு நிக்க முடியாது."

அண்ணனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஜூடித்திடம் தணிந்த குரலில், "அப்படீன்னா... சம்மதங்களா?" என்று கேட்டார்.

"எந்தக் கோயில்னு சொல்லீட்டாரு. இன்னும் எந்த மாப்பிள்ளைன்னு வேற சொல்லோணுங்களா?" என்றாள் ஜூடித்.