விறகடுப்பில் ஒரு வரக்காப்பி

வெளிநாட்டில் பொதுச் சுகாதாரம் படிக்கும் என் பேத்தி செல்வி, லீவுக்கு வந்ததும் பையைத் திறந்தாள். குப்பென்று ஸ்பிரிட்டு வாசனை. என் இடது கை தானாக முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் மலைக்கிராமமான பேத்துப்பாறைக்கு அம்மை ஊசி போடும் அம்மா இதே வாசனையோடுதான் ஏறி வந்தார். ஊசி என்ற பேரில் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் போகிறார் என்று ஊருக்கே சந்தேகம். எங்கம்மா என்னை அடுப்புக்கு மேலே பூண்டு தொங்கும் பரணில் ஏற்றி ஒளித்துவிட்டார்.

ஊசிக்காரம்மா எங்கேயும் தேடவில்லை. "மலையேறி வந்ததுல தொண்டை வறண்டு கெடக்கு தாயி. ஒரு வரக்காப்பி போடுங்க," என்றார்.

வந்தவருக்குக் காப்பி இல்லை என்று சொல்ல எங்கம்மாவுக்கு வாய் வரவில்லை. ஈர விறகை வைத்து ஊதினார். புகை நேரே பரணுக்கு வந்தது. நான் இருமிய இருமலில் பூண்டுக் கொத்தும் நானும் சேர்ந்தே கீழே விழுந்தோம்.

"பூண்டு நல்லாத்தான் வெளஞ்சிருக்கு," என்று என் கையைப் பிடித்தார் அந்தம்மா.

இப்போது எனக்கு ஒரு மாதமாக இருமல். தெரிந்தால் செல்வி படிப்பை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாள் என்று, அவள் வந்ததிலிருந்து அடக்கி வைத்திருக்கிறேன்.

"அப்பத்தா, ஒரு வரக்காப்பி போடேன்," என்றாள்.

"கேஸ் அடுப்புலதானடி?"

"இல்ல, வெறகடுப்புல. வெரசா."

சந்தேகத்தோடு அவள் முகத்தைப் பார்த்தேன். கழுதை, சிரிக்கிறாள். பரண் கதையைச் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சோறு ஊட்டியதே நான்தான்.