தரிசு விட்ட நாலு வரி

எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். கோம்பைக்கு மேற்கே, மலையை ஒட்டிய ஊர். பெயரைச் சொன்னால் நாளைக்கே கடைக்கு வந்து சண்டை போடுவார்கள், விடுங்கள். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பது சட்டம். ஆனால் பிரசிடெண்ட் ஈஸ்வரபாண்டி எந்தக் கட்சி, உபதலைவர் கருத்தக்கண்ணன் எந்தக் கட்சி என்று எங்கள் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம்தான் மெஹராஜ். ஊராட்சிச் செயலர் என்று அரசாங்கம் பதவிப் பெயரை மாற்றிவிட்டது. ஊருக்கு அவர் இன்னும் கிளார்க்கம்மாதான்.

உத்தமபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். 2006-இல் சேர்ந்தபோது இருபத்தைந்து வயது. எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது.

மாதக் கூட்டம் என்றால் ஒரு உறுப்பினருக்குத் தோட்டத்தில் கரண்ட் வரும் நேரம், இன்னொருவருக்குக் கம்பமெட்டு மலைக்கு ஏலத்தோட்ட ஜீப் கிளம்பும் நேரம். வந்ததும் தீர்மானப் புத்தகத்தில் பக்கத்தின் அடியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். எழுத வேண்டியதை மெஹராஜ் பிறகு எழுதுவார். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே நாலு வரி காலியாக விடுவார், மறந்துபோனதைச் சேர்க்க. அதற்கு அலுவலகத்தில் 'தரிசு' என்று பெயர். பெயர் வைத்தவர் கருத்தக்கண்ணன். பத்து வருஷம் பிரசிடெண்டாக இருந்தவர் அவர். "தரிசுல ஒன்னு நட்டுரும்மா" என்பார், மெஹராஜ் நடுவார். பிறகு வந்த ஈஸ்வரபாண்டி கட்சியில்தான் எதிரி. தரிசை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்.

போன வைகாசியில் ஈஸ்வரபாண்டி போனில் சொன்னார்: "கரட்டுப் புறம்போக்குல கல்லு எடுக்க ஆட்சேபணை இல்லைன்னு தரிசுல போட்டுரும்மா." மெஹராஜ் போட்டார். இரண்டு மாதத்தில் அந்தப் பாறைக் கரட்டில் சர்வேக் கல் நட்டார்கள். கருத்தக்கண்ணன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் வாங்கினார். நகல் எடுத்தது என் கடையில்தான். குவாரித் தீர்மானத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்தே இருந்ததைப் பார்த்து மனிதருக்கு வியர்த்துவிட்டது.

புகார் கலெக்டர் வரை போனது. பிரசிடெண்டை ஏன் நீக்கக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. தாசில்தார் நேரில் வந்து உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்பார், செயலர் புத்தகத்தோடு ஆஜராக வேண்டும் என்று தேதியும் குறித்தார்கள். அதற்கு எட்டு நாள் இருந்தது.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். எங்கள் ஊரில் சண்டைக்காரர்கள் இரண்டு பேருமே சாட்சிக்காரி காலில் விழ வந்தார்கள். முதலில் வந்தவர் ஈஸ்வரபாண்டி. "பிரசிடெண்டு சொன்னத எழுதுறதுதான் கிளார்க்கோட கடமை. கூட்டத்துல வாசிச்சேன், எல்லாரும் கேட்டாகன்னு மட்டும் சொல்லு. உன் வேலைக்கு நான் பொறுப்பு." மறுநாள் கருத்தக்கண்ணன்: "கிளார்க்கு சட்டத்துக்குத்தான் ஊழியம், ஆளுக்கு இல்ல. பிரசிடெண்டு மிரட்டி எழுத வச்சாகன்னு சொல்லிரும்மா. உன் மேல தூசி படாது." தன் பத்து வருஷத்தில் இந்தச் சட்டம் அவர் ஞாபகத்துக்கு வந்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.

அந்த எட்டு நாளும் மெஹராஜ் நிலையாக நிற்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்புவார், அணைப்பார், திரும்பவும் உள்ளே போவார். டீ வாங்கி ஆறவிட்டுக் கொட்டுவார். என் கடைக்கு வந்து மஞ்சள் சீட்டுக் கட்டு வாங்கினார். மறுநாள் இன்னொரு கட்டு. எதற்கு என்று கேட்டால் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் நின்றபடியே சொன்னார்:

"வீட்ல அவுக சொல்றாக, ரெண்டு பேருல ஒருத்தர் பக்கம் நின்னுரு, இல்லாட்டி ரெண்டு பக்கமும் சேந்து மிதிப்பாகன்னு. மக அப்ரின் காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்குண்ணே. வேலை போயிட்டா என்ன செய்ய?"

"நடந்தது என்ன?" என்றேன்.

"நடந்தத எவன் கேக்குறான்?" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

தாசில்தார் வந்த அன்று அலுவலகத்துக்குள் ஒரு கட்சி, வாசலில் ஒரு கட்சி. நகல் எடுக்க வேண்டியிருக்கும் என்று என்னையும் உள்ளே நிறுத்தினார்கள். தாசில்தார் புத்தகத்தைக் கேட்டார். மெஹராஜ் மேசையில் வைத்தது ஒன்றல்ல, ஏழு புத்தகங்கள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"குவாரித் தீர்மானம் கூட்டத்துல வாசிக்கல சார். பிரசிடெண்டு போன்ல சொன்னாக, நான் எழுதினேன். மிரட்டல்லாம் இல்ல. மிரட்டியிருந்தா எனக்கு இம்புட்டு வெக்கமா இருந்திருக்காது." பழைய புத்தகம் ஒன்றைத் திறந்தார். "உபதலைவர் பிரசிடெண்டா இருந்தப்பவும் இப்படித்தான். பதினேழு வருசத்துல நூத்திப் பன்னெண்டு தீர்மானம். எல்லாத்துலயும் சீட்டு வச்சிருக்கேன். வேணாம்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல."

வாசலில் சத்தம் கிளம்பி அப்படியே அடங்கியது. ஈஸ்வரபாண்டி ஆளும் கருத்தக்கண்ணன் ஆளும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாசில்தார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, புத்தகங்களைக் கையோடு எடுத்துப் போனார். குவாரி வேலை நின்றது. பிரசிடெண்ட் மீதான முடிவு இன்னும் கலெக்டர் ஆபீஸில் கிடக்கிறது.

தாசில்தார் வந்து போன பன்னிரண்டாம் நாள் அவசரக் கூட்டம் போட்டார்கள். புதுத் தீர்மானப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுக்கப் போன நான், ஆள் கூடியதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். ஒரே ஒரு பொருள்தான். ஊராட்சியின் பெயரைக் கெடுத்த செயலரைப் பணியிலிருந்து நீக்கப் பரிந்துரை. முன்மொழிந்தவர் கருத்தக்கண்ணன். வழிமொழிந்தவர் ஈஸ்வரபாண்டியின் மைத்துனர். பத்துப் பேரும் கை தூக்கினார்கள்.

தீர்மானம் எழுத வேண்டியவர் செயலர்தான். வேறு ஆள் கிடையாது. மெஹராஜ் எழுதினார். தன் பெயர் வந்த இடத்தில் ஒரு கணம் பேனா நின்றது, பிறகு போனது. எழுதி முடித்து எழுந்து, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்தார்.

"ஆட்சேபணை யாருக்காவது உண்டா?"

ஆளாளுக்கு விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். பிரசிடெண்ட் இரண்டு தடவை வாசித்தார்.

ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு நகல் வேண்டும் என்று மெஹராஜ் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். கடைக்குக் கொண்டுவந்து மெஷினில் வைக்கும்போது பார்த்தேன். கடைசி வரியை ஒட்டியே, தரிசு விடாமல், பத்துக் கையெழுத்தும் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே, 'மேற்கண்டவை கூட்டத்தில் நடந்தபடி' என்று சான்று எழுதி, அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.